கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்

டிராமை நிறுத்திவிட்டேன்.
உடம்பு நிற்கவில்லை.
மல்லாந்து படுத்தால்
முதுகுக்குக் கீழே தண்டவாளம்.
இடது குதிகால் தானாகவே
மணிக்கட்டையைத் தேடி மிதிக்கிறது.

தாலினில் இரவு பதினொன்று.
மேல்மாடியில் கால்யு இருமுகிறார்.
ஃபிரிட்ஜ் முனகி அடங்குகிறது.
எல்லாம் எனக்கு நிறுத்தங்கள்தான்;
ஏறுவார் இல்லை, இறங்குவார் இல்லை.
தூக்கம் மட்டும்
எதிர்த்தடத்தில்
விளக்கெரியப் போய்க்கொண்டிருக்கிறது.

மருத்துவர் லீவாக் மாத்திரை எழுதவில்லை.
"ஒரு நோட்டு வாங்குங்கள் உர்வே.
படுக்குமுன் அன்றைய நாளை
எழுதி மூடிவிடுங்கள்" என்றார்.
அவர் கண்ணுக்கடியிலும் கருவளையம்.
நான் கேட்கவில்லை.

வாங்கினேன்.
கட்டம் போட்டது, பச்சை அட்டை.
முதல் இரவு எழுதியது:
"காலை 7.42. பின்கதவு சிக்கியது.
மூன்று நிமிடத் தாமதம்."
இருபத்திரண்டு வருடமாக
எனக்கு எழுதத் தெரிந்தது இவ்வளவுதான்.
இரண்டாம் இரவு:
"மழை. சக்கரத்துக்குத் தூவும் மணல் தீர்ந்தது."
மூன்றாம் இரவு
தலையணைக்கடியில் கிடந்தது நோட்டு,
ஈரத்துணியில் கட்டிய பயறு மாதிரி.
எழுதியதெல்லாம் முளைவிட்டு
விடிய விடிய குத்தியது.
எழுந்து விளக்கைப் போட்டு
எழுத்துப்பிழை திருத்தினேன்.
மணி மூன்றரை.

அப்புறம்தான் இடத்தை மாற்றினேன்.

கோப்லியில் தடம் வளைந்து திரும்புகிறது.
அதற்குமேல் ஊர் கொஞ்சம், மீதி கடல்.
கால அட்டவணை அங்கே எனக்கென்று
ஏழு நிமிடம் விட்டிருக்கிறது.
முன்பெல்லாம் அதைக்
கைபேசிக்குத் தின்னக் கொடுப்பேன்.
இப்போது பிரேக்கை இறுக்கிவிட்டு
பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி
அது ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

"கம்பளிக் குல்லாய்க் குழந்தை ஒன்று
ஜன்னலில் மூச்சால் வட்டம் போட்டது.
பிறகு அதை நக்கியது."
"தண்டவாளத்தில் மேப்பிள் இலைகள். சறுக்கும். மெதுவாக."
"இன்று கறுப்பு ரொட்டியை மென்றேன்.
விழுங்கவில்லை. மென்றேன்."

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
எழுத நினைக்காதது வந்து நின்றது.
"சந்தை நிறுத்தம். ஓடிவந்தார் ஒருவர்,
கையில் மருந்துக்கடைப் பை.
பார்த்தேன். கதவை மூடினேன்.
நேரம் சரியாக இருந்தது."
நான்கு வருடம் இருக்கும்.
முகம் நினைவில் இல்லை.
கண்ணாடியில் தட்டிய இரண்டு விரல்கள்தான்
இத்தனை இரவும் தட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.
நான் அதைக்
கால்யுவின் இருமல் கணக்கில் எழுதிவைத்திருந்தேன்.

அன்று தேநீர் ஆறிப்போனது.
நான்கு நிமிடத் தாமதம்.
அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
"ஓட்டுநர்" என்று போட்டேன்.

நோட்டு இப்போது வீட்டுக்கு வருவதில்லை.
பணிமனையில் அலமாரி எண் முப்பத்தொன்று;
ஈரக் கையுறைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி
நடந்தே வீட்டுக்குப் போகிறேன்.
பாதங்களைக் கவனியுங்கள் என்றிருந்தார் மருத்துவர்.
உறைபனியில் கவனிக்காவிட்டால்
இடுப்பெலும்பு போகும்;
ஆகவே கவனிக்கிறேன்.

நேற்று ஒரு பையன் ஓடிவந்தான்.
கதவைத் திறந்து காத்திருந்தேன்.
அவன் எதிர்ப்பக்க டிராமுக்கு ஓடினான்.
அதையும் எழுதினேன்.
எழுதும்போது சிரித்திருக்கிறேன் போல,
கோடு நெளிந்திருக்கிறது.

குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
வாரத்தில் இரண்டு இரவு
இன்னும் கூரையோடு பேச்சுவார்த்தைதான்.
மற்ற இரவுகளில்
மேலே கால்யு இருமுவார்.
பாவம், இந்த மனிதருக்கு
யாராவது ஒரு நோட்டு வாங்கித் தரவேண்டும்
என்று நினைக்கத் தொடங்குவேன்.
அந்த நினைப்பு
எந்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறது என்று
காலையில் எனக்குத் தெரிவதில்லை.